கீலேட்: கொடுக்கிணைப்பு

விடிகாலையில் பாம்பன் கரையில் நண்டு வலை பிரிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், 'கீலேட்' புரிந்துவிடும். நீலக்கால் நண்டு ஒரு கொடுக்கால் மட்டும் நூலைப் பிடித்திருந்தால் ஒரே சுண்டில் கழன்று வரும். இரண்டு கொடுக்காலும் கவ்வியிருந்தால் போச்சு. ஒன்றை விடுவிப்பதற்குள் மற்றது இறுக்கிவிடும். ஒடித்து எடுக்கவும் மனம் வராது. கொடுக்கு போன நண்டுக்கு விலை குறைவு.

கிரேக்கத்தில் 'கேலே' என்றால் இந்தக் கொடுக்குதான். அதிலிருந்து 1920-இல் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள் 'கீலேட்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். ஒரே மூலக்கூறு இரண்டோ அதற்கு மேலோ இடங்களில் ஓர் உலோக அயனியைப் பற்றிக்கொள்வது அது. ஒரு பிடி நழுவினாலும் மறுபிடி விடாது.

தமிழில் கொடுக்கிணைப்பு. நல்ல சொல்தான். ஆனால் என்னிடம் படித்த பையன் ஒருவன் இதை 'கொடுக்கும் இணைப்பு' என்றே நெடுநாள் நினைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஈனி, அதாவது உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு, தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுக்கத்தானே செய்கிறது! 'கொடுக்குப்பிடி' என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்பது என் கட்சி.

அந்த நண்டின் ரத்தத்துக்குள்ளேயும் இதே பிடி உண்டு. ஹீமோசயனின் என்ற புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒவ்வொரு செம்பு அயனியையும் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு செம்புகளுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் ரத்தம் நீலமாகும். டிஎன்ஏவைத் தொடும் பல புரதங்களிலோ துத்தநாகம். அங்கே பெயர் 'துத்தநாக விரல்', கொடுக்கு விரலாகிவிட்டது.

இப்படி ஒட்டியிருக்கும் துளி உலோகத்தை அளக்க, மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவின் பல ஆயிரம் டிகிரி சூட்டில் அயனிகளாக உடைத்து நிறைமாலைமானியில், அதாவது அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில், எண்ணுகிறார்கள். எவ்வளவு உலோகம் என்பது அதில் தெரியும், யார் கையில் இருந்தது என்பது தெரியாது. அதனால் பிடி கலையாமல் புரதங்களை முதலில் பிரித்தாக வேண்டும். இங்கேதான் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் காலை வாரும். ஆறு இடங்களில் பிடிக்கும் பெரிய கொடுக்கு அது. மக்னீசியத்தைக் கவ்வி, டிஎன்ஏவை வெட்டும் நொதிகளை முடக்கிவிடும் என்பதால் டிஎன்ஏ கரைசலில் வழக்கமாகச் சேர்ப்பார்கள். அதே கரைசலில் புரதத்தைப் போட்டால், தளர்ந்து கிடக்கும் துத்தநாகத்தையும் பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் புரதத்தைப் பிரித்து அளந்தால் கருவி 'உலோகமே இல்லை' என்றுதான் சொல்லும்.