வழிப்புதிர்: ‘பிரமை’ என்று ஏன் எழுதக் கூடாது

‘கையடக்கப் பந்து பிரமை புதிர் பொம்மை.’ விளையாட்டுச் சாமான் விற்கும் இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் இந்தத் தொடர் ரொம்ப நாளாகக் கண்ணில் படுகிறது. ஐந்து சொல்லில் மூன்று தவறு. திரையோடு போய்விடும் என்று விட்டிருந்தேன்; இப்போது அச்சுக்கே வந்துவிட்டது. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துக் கடையொன்றில் தொங்கிய மரப்பெட்டியின்மேல் ‘பந்து பிரமை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அம்மா ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, “என்னமோ போட்டிருக்கான், குண்டு ஓட்டற ஆட்டம்டா” என்றார். அவர் சொன்னது பிள்ளைக்கு உடனே விளங்கியது.

பொருள் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே வளைந்து வளைந்து போகும் தடுப்புகள், மேலே தெளிவான அக்ரிலிக் மூடி, உள்ளே ஓர் எஃகுக் குண்டு. பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். 1889இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் கிராண்டல் என்பவர் வெளியிட்ட ‘பிக்ஸ் இன் க்ளோவர்’ இந்த வகையில் பெரிய பித்தையே கிளப்பியது. வட்டத்துக்குள் வட்டமாகத் தடுப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் இடைவெளி. பன்றிகளைப் பட்டியில் அடைப்பதுபோல் கோலிகளை நடுவட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். 1946இல் சுவீடனின் பிரியோ நிறுவனம் கொண்டுவந்தது கொஞ்சம் வேறு மாதிரி: மேசைமேல் வைத்து, இரண்டு குமிழ்களைத் திருகிப் பலகையைச் சாய்த்து, வழியெங்கும் உள்ள குழிகளில் விழாமல் குண்டை ஓட்டுவது.

சொல்லுக்கு வருவோம். இவர்கள் பிரமை என்று பெயர்ப்பது ஆங்கிலத்தின் மேஸ், லாபிரிந்த் என்ற இரண்டு சொற்களை. ஆங்கிலத்தில் மேஸ் என்பது முதலில் மனத்தின் திகைப்பைக் குறித்த சொல். அப்புறம்தான் ஆளைத் திகைக்க வைக்கும் வழியமைப்புக்கு ஆகிவந்தது. லாபிரிந்த் கிரேக்கம், கிரீட் தீவில் மினோஸ் அரசனுக்காக டெடலஸ் கட்டியதாகச் சொல்லப்படும் கட்டடத்தின் பெயர். பிரமை வடசொல். சுற்றித் திரிதல், தடுமாறுதல் என்ற வேரிலிருந்து வந்து, தமிழில் மயக்கம், இல்லாததை இருப்பதாக எண்ணுதல் என்று நிலைத்தது. பிரமிப்பும் அதே வீட்டுப் பிள்ளைதான். இன்னொரு பிரமையும் உண்டு. வடமொழித் தருக்க நூல்களில் அது மெய்யான அறிவைக் குறிக்கும். அங்கே முதலெழுத்து வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மயக்கத்துக்கும் தெளிவுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. இப்படி இருக்கும் சொல்லின்மேல் மூன்றாவதாக ஒரு மரப்பெட்டியையும் ஏற்றுவதா?

பிரமைக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலத்திலும் திகைப்பு என்ற பொருளிலிருந்துதானே வழி என்ற பொருள் வந்தது, தமிழிலும் அப்படியே வரட்டுமே என்கிறார்கள். கேட்க நியாயம் போலத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பொருளை அகராதிக்காரர் ஏற்றவில்லை. வேலிச்செடியை ஆளுயரத்துக்கு வளர்த்து, நடுவில் சந்து சந்தாக வழிவிட்டு, அதில் நுழைந்து திண்டாடிய மக்கள் ஏற்றினார்கள். லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நட்ட அப்படியொரு தோட்டம் இன்றும் இருக்கிறது. அங்கே பொருள் நடந்து நடந்து மாறியது. தமிழில் யாரும் ஒரு பிரமைக்குள் நுழைந்து வெளியே வந்ததில்லை. நம் பேச்சில் பிரமை பிடிக்கும், பிரமை தட்டும். “பிரமை பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கான்” என்றால் சேலத்தில் எந்தத் தெருவிலும் விளங்கும். பிரமை மனிதனுக்கு நேர்வது. அதற்கு வாசல் கிடையாது, சுவர் கிடையாது, மூலை கிடையாது.

சந்தேகம் இருந்தால் விளையாட்டு விதியை எழுதிப் பாருங்கள். ‘குண்டைப் பிரமையின் வழியாக நகர்த்தவும்’, ‘பிரமையிலிருந்து வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்கவும்’, ‘எளிய பிரமை, நடுத்தரப் பிரமை, கடினப் பிரமை’. இரண்டாவது வாக்கியம் மனநல மருத்துவர் எழுதியது போலிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை படித்துவிட்டு என்ன செய்யும்? ஒரு சொல் தலைப்பில் நின்றால் மட்டும் போதாது. அதன் பின்னால் வருகிற பத்து வாக்கியத்தையும் தாங்க வேண்டும். பிரமை முதல் வாக்கியத்திலேயே ஒடிந்துவிடுகிறது.

இதில் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பிரமை என்று எழுதுகிறவர்களில் பலர், மேஸ் என்று ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்பவர்கள். ஆங்கிலத்துக்குப் பயந்து வடசொல்லிடம் போய், அதையும் பொருந்தாத பொருளில் போட்டுவிட்டுத் தமிழைக் காப்பாற்றியதாக நினைக்கிறார்கள். மேஸ் என்றே எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்பேன். தெரியாதவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பிரமை தெரிந்த சொல், அதனால் யாரும் கேட்கமாட்டார்கள். தப்பாகவே புரிந்துகொண்டு போவார்கள்.

மற்றப் பெயர்களையும் பார்த்துவிடலாம். சக்கரவியூகம் என்பார்கள். அது ஆட்கள் நின்று வகுத்த படையணி, நகரக்கூடியது. அதுவுமில்லாமல் நம் மக்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அபிமன்யுதான் நினைவுக்கு வருவான்: உள்ளே போகத் தெரிந்தவன், வெளியே வரத் தெரியாதவன். கிராண்டலின் வட்டப் பெட்டியில் சிரமமே உள்ளே போவதில்தான் இருக்கிறது. சிக்கல்வழி என்பது அதைவிட மேல். ஆனால் சேலத்தில் நெசவாளர் இருக்கும் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ தறிக்காரரிடம் சிக்கு என்றால் என்னவென்று கேளுங்கள். ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போன நூல் அது. இந்தப் பெட்டியில் எதுவும் பின்னிக்கொள்ளவில்லை. தடுப்புகள் சுத்தமாக, நேராக, கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றன. தடம் எல்லாம் தெரிந்தும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுதான் இதன் சுவையே. புதிர்நிலை என்று கலைச்சொல்காரர்கள் எழுதுகிறார்கள். நிலை என்றதும் மறுபடியும் மனத்தின் நிலையா, இடத்தின் நிலையா என்ற குழப்பம். அதில் வழி என்பதே இல்லை.

புதிர்ப்பாதை என்பதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தமிழ்த் தொகைச்சொல்லில் கடைசியில் வருவதுதான் தலை. மல்லிகைப்பூ என்றால் பூ, பூமல்லிகை என்றால் மல்லிகை. புதிர்ப்பாதை என்றால் பாதை, கால் வைத்து நடப்பது. செடிவேலித் தோட்டத்துக்கு அது பொருத்தம். கையில் பிடித்துச் சாய்க்கும் பெட்டியும், முயலைக் கேரட்டிடம் சேர்க்கச் சொல்லிச் சிறுவர் இதழ்களில் போடும் படமும் பாதை அல்ல, புதிர். சொற்புதிர், எண்புதிர், குறுக்கெழுத்துப் புதிர் என்ற வரிசையில் சேர வேண்டியவை. எனவே வழிப்புதிர்.

வழி என்ற சொல்லில் ஒரு வசதியும் இருக்கிறது. “ஏற்காட்டுக்கு எது வழி?” என்பதிலும் வழிதான், “இதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்பதிலும் வழிதான். தடம், உபாயம் இரண்டும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. இந்த விளையாட்டில் பிள்ளை தேடுவதும் இரண்டையும்தான். இதைவிடப் பொருந்திய சொல்லை நம்மால் புதிதாகச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

வளைவு நிறைய இருப்பதெல்லாம் வழிப்புதிர் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை திரும்பினாலும் சாலை ஒன்றுதான், பிரியாது. (கொண்டை ஊசி வளைவும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததுதான். ஆனால் பெயர்த்தவருக்குக் கொண்டை ஊசியும் தெரிந்திருந்தது, சாலையும் தெரிந்திருந்தது, அதனால் நின்றுவிட்டது.) பிரியாமல் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும் ஒற்றைத் தடத்துக்கு நம் பகுதியிலேயே பெயர் இருக்கிறது: ஏழுசுற்றுக் கோட்டை, பேச்சில் ஏழுசுத்துக் கோட்டை. நம் சேலம் மாவட்டத்து வெள்ளாளகுண்டத்திலும், தர்மபுரிப் பக்கம் கம்பைநல்லூரிலும், பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிலும் தரையில் கல் பதித்து அமைத்தவை இருக்கின்றன. அதில் யாரும் வழி தவறமாட்டார்கள். நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்கு வந்துவிடலாம். அறிஞர்கள் லாபிரிந்த் என்று இன்று தனியாகப் பிரித்துச் சொல்வது இந்த ஒற்றைத் தடத்தைத்தான். நம்மிடம் கல்லில் இருக்கிறது, வாயில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் மட்டும் இல்லை. அகராதியைப் புரட்டுகிறவர்கள் பக்கத்து ஊருக்கு ஒரு பேருந்து ஏறிப் போய்க் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அம்மாப்பேட்டையில் ஒரு தம்பி லேசர் வெட்டும் பட்டறை வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியைச் சொந்தமாக வடிவமைக்கிறான். “அண்ணா, பொட்டி மேல என்ன பேருங்க போடறது?” என்று கேட்டான். அவன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எந்தச் சொல் எங்கே உட்காரும் என்று தானாகவே தெரிந்துவிடும். சைக்கிள் பின்சக்கரத்தில் போடும் கால் அங்குலக் குண்டு, அதாவது 6.35 மி.மீ. அது ஓட 9 மி.மீ. அகலத்தில் தடம். இன்னும் அகலமாக விட்டால் குண்டு இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போகிறது. நெருக்கினால் மரத்தூள் ஒட்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. தடுப்பின் உயரம் 8 மி.மீ. மூடிக்கும் குண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும், ஆனால் குண்டு தடுப்பைத் தாண்டிக் குதிக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. சரியான வழி எப்போதும் சேர வேண்டிய இடத்தை நோக்கியே போனால் பெட்டியை ஒரே பக்கம் சாய்த்து வைத்தாலே ஆட்டம் முடிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று இடத்திலாவது வழி எதிர்ப்பக்கம் திரும்பிப் போகும்படி வைக்கிறான். “முட்டுச்சந்து நீளமா இருக்கோணும்ங்கண்ணா. உள்ள போயி முட்டுனப்பறந்தான் தப்புன்னு தெரியோணும்” என்றான். முட்டுச்சந்து! இதை மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்றால் ‘இறந்த முனை’ என்று எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மீதி இரண்டு தவறையும் முடித்துவிடுகிறேன். பந்து என்பது எறிந்து, தட்டி, உதைத்து ஆடுவது. சங்கப் பாட்டிலேயே மகளிர் ஆடிய பந்து அதுதான். மூடிய பெட்டிக்குள் உருளும் எஃகுத் துண்டு பந்து ஆகாது, குண்டு. கோலிக்குண்டு, பேரிங் குண்டு, சேலத்துப் பிள்ளைகள் ஆடும் குண்டு எல்லாம் ஒரே இனம். பொம்மைக் கடை என்று பேச்சில் சொல்வதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் பெயராக எழுதும்போது பொம்மை என்றால் முகமும் உருவமும் உள்ளது என்றே பொருள். மரப்பாச்சி, கொலு பொம்மை மாதிரி. இது விளையாட்டுச் சாமான். ‘கையடக்க’ மட்டும் நல்ல சொல், இருக்கட்டும்.

குண்டுருட்டு என்று ஒரு பெயரை அந்தத் தம்பியே சொன்னான். பத்து வருடம் முன்னால் என்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு உருட்டு என்றால் புளுகு என்று இளசுகள் வாயில் ஏறிவிட்டது. பெட்டியைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வரும். சொல்லைத் தேர்ந்தெடுக்கிறவர் நிகண்டைப் பார்த்தால் மட்டும் போதாது, பேருந்தில் பக்கத்து இருக்கைப் பேச்சையும் கேட்க வேண்டும்.

பெயரைவிட முக்கியமான ஒரு வரி அந்தப் பெட்டியில் இருக்கிறது. அங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உண்மையான கோபம். விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பாதுகாப்புத் தரத்தின் எண் ஐ.எஸ். 9873. சின்னக் குண்டு இருக்கும் சாமானை 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை போட வேண்டும். அதற்கு வரும் தமிழ்: ‘மூச்சுத்திணறல் அபாயம் – சிறிய பாகங்கள்’. மூச்சுத்திணறல் என்றால் நம் வீடுகளில் ஆஸ்துமாதான் நினைவுக்கு வரும். ஏதோ புகையோ பெயிண்ட் வாசமோ என்று நினைத்துக்கொண்டு தாய் பெட்டியைக் குழந்தை கையில் கொடுத்துவிடலாம். ‘உள்ளே சிறு குண்டு உள்ளது. குழந்தை விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.’ மூன்று வாக்கியம், எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் விளங்கும். இடம் பற்றாது என்றால் பெட்டியில் ‘மகிழ்ச்சியான கற்றல் அனுபவம்’ என்று நீட்டி முழக்கியிருப்பதை எடுத்துவிட்டு அங்கே போடலாம்.

சரி, பெயர் இப்படி முடிவாகியிருக்கிறது. கிளைகள் பிரியும் பெட்டிக்குக் குண்டு வழிப்புதிர். வட்டத்துக்குள் வட்டமாகத் தடுப்பு வைத்த பெட்டியும் இடைவெளி தேடித் தேடி நுழைவதால் வழிப்புதிர்தான். முட்டுச்சந்தே இல்லாமல் ஒற்றைத் தடமாகச் சுற்றும் பெட்டிக்கு மட்டும் சுற்றுக்கோட்டை. அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: வழிப்புதிர் என்று ப் போட்டு, சேர்த்து எழுத வேண்டும், வழிப்போக்கன், வழித்துணை என்று எழுதுவது போல. ‘வழி புதிர்’ என்று பிரித்து ஒற்றையும் விழுங்கிவிட்டால் இரண்டு சொல் தனித்தனியாக நிற்கும், ஒரு பொருளின் பெயராகாது. குண்டுக்குப் பின்னால் ஒற்று வராது, அடுத்தது வகரம்.