எலிக்கு வந்த சர்க்கரை

“சிறுகுறிஞ்சான் இலை ஆய்வில் எலிக்குச் சர்க்கரையைக் குறைக்கிறதாமே, நான் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். நிறுத்தாதீர்கள். அந்த எலிக்குச் சர்க்கரை எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்.

அது தானாக வந்ததில்லை, ஊசி போட்டு வரவழைத்தது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்றொரு மருந்து. மண்ணில் வாழும் பாக்டீரியா தருவது. ஒரு குளுக்கோஸ், அதன் முதுகில் கொஞ்சம் நஞ்சு, மூலக்கூறே அவ்வளவுதான். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கு ரத்தச் சர்க்கரையை ஓயாமல் அளக்கும் வேலை. அதற்காக எலியின் பீட்டா செல் குளுட்-2 என்ற வாசலை அகலத் திறந்தே வைத்திருக்கும். சர்க்கரை வேடம் போட்ட நஞ்சு அதன் வழியே நுழைந்து டிஎன்ஏவை வெட்டுகிறது. ஒட்டுப்போட ஓடிவரும் நொதி, செல்லின் ஆற்றல் கையிருப்பையெல்லாம் அதிலேயே கரைத்துவிடுகிறது. வெட்டுப்பட்டதைவிட, வைத்தியச் செலவில்தான் செல் சாகிறது!

சாகும்போது சேமித்த இன்சுலினையும் கொட்டிவிடும். அதனால் சர்க்கரை நோயாளியாகப் போகும் எலிக்கு முதல் ராத்திரி சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள், இல்லாவிட்டால் லோ சுகரில் செத்துப்போகும். மூன்றாம் நாள் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டர் 250-க்கு மேல் காட்டினால் எலி தயார். பிறகு ஒரு கூட்டத்துக்கு இலைச்சாறு, ஒரு கூட்டத்துக்குக் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர்.

சில ஆய்வுகளில் சாற்றை ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சர்க்கரை குறைந்தால், சாறு நஞ்சை முறித்தது என்றும் இருக்கலாமே! இன்னொன்று, எலிக்கு இன்சுலின் சுரக்கும் செல்லே செத்துவிட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் டைப் 2-வில் இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அளவும் இடிக்கும். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், வழக்கமான கணக்குப்படி 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம். அதுவும் ஆல்கஹாலில் இறக்கி வற்றவைத்த சாறு, பொடி அல்ல.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 1990-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 டைப் 2 நோயாளிகளுக்கு, மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் சாறு கொடுத்தார்கள். 18 முதல் 20 மாதத்தில் சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையையே விட்டார்கள். ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப்போட்டு, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது. அப்படியொன்றைப் பெரிதாக நடத்தப் பணம் கொடுத்திருக்க வேண்டும். நாமோ இன்னும் செடியை மாற்றி மாற்றி எலிக்கே ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏற்கெனவே பொடி சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையும் பொடியும் சேர்ந்து இறக்கினால், அந்த எலியைப் போல நீங்களும் ராத்திரியில் சர்க்கரைத் தண்ணீர் தேட வேண்டிவரும்.