பிரிந்த குடும்பமா, சிதறுண்ட குடும்பமா?

தமிழ்க் குரலில் ஒரு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறு வயதை எட்டிய கிழவர் ஒருவர் வடகொரிய எல்லையை ஒட்டிய இம்ஜின் ஆற்றங்கரையில் வடக்குப் பார்த்து விழுந்து வணங்குகிறார். பேத்தி தன் தோழியிடம் சொல்கிறாள்: "எங்கள் தாத்தா பிரிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்." பக்கத்தில் இருந்த என் அக்கா உடனே கேட்டார்: "ஏன், பாட்டியோடு ஒத்துப்போகவில்லையா?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'பிரிந்த குடும்பம்' என்றால் வேறு என்ன தோன்றும்? மணமுறிவு, பாகப்பிரிவினை, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கொரியா பற்றிய செய்தி எதை எடுத்தாலும் இந்தச் சொற்றொடர் வந்து நிற்கிறது. பல ஆண்டுகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அன்றைக்குப் பொறுக்கவில்லை.

கொரியச் சொல் 'இசான் கஜொக்'. சீன எழுத்து வழி வந்தது. 'இ' பிரிதல், 'சான்' சிதறுதல், 'கஜொக்' குடும்பம். ஆங்கிலக்காரர்கள் முதல் வேரை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினார்கள். சொற்பிறப்பு இவ்வளவுதான். சொல்லுக்குப் பின்னால் இருப்பதுதான் பெரிது.

1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததும் 38-ஆம் இணைகோட்டில் நாடு இரண்டாக வெட்டப்பட்டது. 1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வடகிழக்குத் துறைமுகமான ஹுங்நாமிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்களும் கப்பல் ஏறினார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் சுமார் 14,000 பேர். ஏறியவர்களில் பலர் சில நாள்களில் திரும்பிவிடுவோம் என்றே நினைத்தார்கள். மாடு கன்றைப் பார்த்துக்கொள்ள மனைவியையும், வயதான தாயையும், நடக்க முடியாத கடைக்குட்டியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. 1953 ஜூலை 27 அன்று எல்லைக் கிராமமான பன்முன்ஜொமில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. நாலு கிலோமீட்டர் அகலத்துக்கு நிலத்தின் குறுக்கே வேலி விழுந்தது. அதன் பிறகு ஒரு கடிதம்கூட இயல்பாகப் போய்வரவில்லை.

இவர்கள் 'பிரிந்தவர்கள்' அல்லர். பிரிந்தான் என்பது தன்வினை. பிரிகிறவனின் விருப்பம் அதில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். "கட்சியை விட்டுப் பிரிந்தார்", "அண்ணனும் தம்பியும் பிரிந்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது அவர்கள் முடிவெடுத்தார்கள் என்றுதான் கேட்பவர் கொள்வார். குண்டுக்குத் தப்பி ஓடும்போது தங்கையின் கை நழுவிய பத்து வயதுப் பையன் என்ன முடிவெடுத்தான்?

இந்த வாதத்தை ஒரு நண்பரிடம் வைத்தேன். தனித்தமிழ்ப் பற்று மிக்கவர், நல்ல வாசகர். அவர் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தார். பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிதலும் பிரிதல் நிமித்தமும்தானே, இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை மணமுறிவு வழக்குக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்றார். அழகான வாதம், ஆனால் அது அவருக்கு எதிராகவே திரும்புகிறது. பாலையின் தலைவன் பொருள் தேடித் தானே புறப்படுகிறான். கார்காலத்தில் திரும்புவேன் என்று நாள் குறித்துவிட்டுப் போகிறான். தலைவி சுவரில் கோடு போட்டு நாளை எண்ணுகிறாள். எண்ணுவதற்கு ஒரு முடிவு இருக்கிறது. அகப் பாடல் முழுவதும் அந்தத் திரும்புதலை நம்பித்தான் நிற்கிறது. கொரியக் கிழவிக்கு எழுபது கார்காலம் போய்விட்டது.

நண்பர் விடவில்லை. அடுத்த வாரம் 'பிரிகுடும்பம்' என்று ஒரு புதுச்சொல்லோடு வந்தார். வினைத்தொகையாம், சுருக்கமாம், கலைச்சொல்லுக்குரிய கட்டமைப்பாம். வினைத்தொகை முக்காலமும் காட்டும் என்பது பள்ளிப் பாடம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் எல்லாம் ஊறுகாய். அப்படியென்றால் பிரிகுடும்பம்? பிரிந்த, பிரிகின்ற, இனியும் பிரியப்போகும் குடும்பம்! இவர்களுக்கு இதைவிடப் பெரிய சாபம் இருக்க முடியாது என்றேன். கோபித்துக்கொண்டார். ஒரு சொல் தூயதாக இருந்தால் மட்டும் போதுமா, கேட்டதும் புரிய வேண்டாமா? நம் கலைச்சொல் பட்டியல்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. இலக்கணம் பிசகாது, பொருள்தான் வந்து சேராது.

'பிரிக்கப்பட்ட குடும்பங்கள்' என்பது இதைவிட மேல். குற்றம் குடும்பத்தின் மேல் விழவில்லை. சில காலம் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் 'பிரிக்கப்பட்ட' என்றதும் "யாரால்?" என்ற கேள்வி எழும், எல்லைக்கோட்டால் என்ற விடையும் தயாராக வந்துவிடும். அந்த விடை பாதி உண்மை. 1983 ஜூன் 30 அன்று தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, காணாமற்போன உறவினரைத் தேடும் நேரலை ஒன்றைத் தொடங்கியது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாகத் திட்டமிட்டது 138 நாள் நீண்டது. சோல் நகரின் யொயிதோ பகுதியில் இருந்த நிலையத்தின் சுவரும் எதிரே இருந்த திடலும் கையால் எழுதிய தட்டிகளால் நிறைந்தன. ஊர்ப் பெயர், அப்பா பெயர், நெற்றியில் தழும்பு, இடது காதுக்குக் கீழே மச்சம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் உறவினரைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிவுகள் 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. அப்படிக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் தென்கொரியாவுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள்! ஒரே நாட்டில், சிலர் ஒரே நகரத்தில், முப்பது ஆண்டு ஒருவரை ஒருவர் அறியாமல். அவர்களை எந்த எல்லையும் பிரித்து வைக்கவில்லை. கூட்டத்தில் சிந்திப் போனவர்கள் அவர்கள். அவர்களும் 'இசான் கஜொக்' தான்.

(அந்த ஒளிப்பதிவில் "அப்பா!" என்ற கூக்குரல் மொழிபெயர்ப்பே இல்லாமல் நமக்குப் புரியும். கொரியருக்கும் தந்தை அப்பாதான். அதை வைத்து இரு மொழிக்கும் உறவு முறை கட்டுபவர்களோடு வேறொரு நாள் சண்டை போடுகிறேன்.)

ஆகவே அந்த இரண்டாவது வேரான 'சிதறல்' நமக்கு வேண்டும். என் பரிந்துரை: சிதறுண்ட குடும்பங்கள். 'உண்' என்ற துணைவினை தமிழில் பழைய செயப்பாட்டு வினை. கட்டுண்டான், வெட்டுண்டது, அடியுண்டான். தானாகச் செய்ததல்ல, தன்மேல் நேர்ந்தது என்று சொல்லும். அதே நேரத்தில் யார் செய்தது என்று பெயர் கேட்காது. எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்டவருக்கும் பொருந்தும், தெற்குத் துறைமுகமான பூசானில் கை நழுவியவருக்கும் பொருந்தும்.

இன்னொரு சான்று வடக்கிலிருந்தே கிடைக்கிறது. 2000 ஜூன் 15 அன்று இரு கொரியத் தலைவர்களும் பியோங்யாங்கில் வெளியிட்ட கூட்டறிக்கையில் 'இசான்' என்ற சீனவழிச் சொல் இல்லை. 'ஹுதொஜின்' என்ற கொரிய மொழியின் சொந்த வினை இருக்கிறது: சிதறிப்போன குடும்பங்கள், உறவினர்கள். தூய சொல்லைத் தேடியவர்களும் பிரிவை விட்டுச் சிதறலைத்தான் பிடித்துக்கொண்டார்கள். என் நண்பர் இதைக் கவனிக்கலாம்.

அந்த அறிக்கையின் பேரில் ஆகஸ்ட் 2000 முதல் ஆகஸ்ட் 2018 வரை 21 சுற்றுச் சந்திப்புகள் நடந்தன, பெரும்பாலும் வடகொரியாவின் கும்காங் மலையில். தெற்கில் பதிவு செய்தவர்கள் 1,30,000-க்கும் மேல். வாய்ப்பைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்தது. மூன்று நாளில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம், பிறகு பஸ் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கை. இதை நம் செய்திகள் 'ஒன்றுசேர்ந்தன பிரிந்த குடும்பங்கள்' என்று எழுதின. எங்கே சேர்ந்தன? பார்த்துக்கொண்டன, அவ்வளவுதான். இதே கைகள்தான் 1953 உடன்பாட்டை 'அமைதி ஒப்பந்தம்' என்றும் எழுதுகின்றன. அது போர்நிறுத்த உடன்பாடு. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. சட்டப்படி போர் முடியவும் இல்லை. போர் முடிந்துவிட்டது என்று வாசகரை நம்பவைத்துவிட்டால், அந்தக் கிழவர் ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்பது விளங்காமல்தான் போகும். அக்காவைப் போலப் பாட்டியைச் சந்தேகிப்பார்கள்.

திரைக்கு வசனம் எழுதும் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும், இடம் போதாது என்றார். எண்ணிப் பார்த்தேன். பிரிந்த, நான்கு எழுத்து. சிதறுண்ட, ஐந்து.