ஐந்து முறை விழும் தண்ணீர்

நீலகிரியின் மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவர்கள் யானையைத் தேடுவார்கள். எனக்குக் கண் போவது குந்தா நீர்மின் திட்டத்தின் குழாய்கள் மீது. மலைச்சரிவில் தலைகுப்புற இறங்கும் அந்த இரும்புக் குழாய்களுக்குள் ஓடுவது தண்ணீர் மட்டுமல்ல, 1950களில் சிலர் எடுத்த ஒரு முடிவும்தான்.

முதலில் தண்ணீரின் கணக்கு. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1900 மீட்டர் தாழ்வு. 1000 லிட்டர் தண்ணீர் அவ்வளவு உயரம் இறங்கினால் ஐந்து யூனிட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் வெளிப்படும். குழாய் உராய்விலும் இயந்திரத்திலும் போனது போக நாலரை யூனிட் மிஞ்சும். ஒரு சிறு வீட்டுக்கு ஒரு நாளைக்குப் போதுமான மின்சாரம். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மேலே ஏற்றிவைக்கும் வேலையைத் தென்மேற்குப் பருவமழை கூலியில்லாமல் செய்துவிடுகிறது.

அப்படியானால் ஒரே குழாயில் மலையுச்சியிலிருந்து அடிவாரம்வரை இறக்கிவிடலாமே? ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். 1900 மீட்டருக்கு 190 கிலோ! அன்றைக்கு அதைத் தாங்கும் குழாய் செய்வதற்குள் திட்டமே திவாலாகியிருக்கும். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் ஒரே மூச்சில் 900 மீட்டருக்கு மேல் இறக்கினார்கள்; அக்காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். அந்த உயரத்திலிருந்து வரும் நீர் குழாய் முனையில் மணிக்கு 470 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பீறிடும். அதைப் பெல்ட்டன் சக்கரம் என்னும் டர்பைனின் கிண்ணங்கள் வாங்கித் திருப்பிவிடுகின்றன. நீரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் கிண்ணம் நகர்ந்தால்தான் நீர் தன் வலுவை எல்லாம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும்.

குந்தாவில் வழி வேறு. மேல்பவானி அணையில் தேங்கும் நீர் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கு வரும் வழியில் ஒரு மின்நிலையம். பிறகு குந்தா, கெத்தை, பரளி, கடைசியாகப் பில்லூர். ஒரு நிலையம் கழித்த நீரே அடுத்த நிலையத்தின் மூலதனம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் ஐந்தாம் எண் நிலையம். ஆற்றின் வரிசையில் எண் போடவில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு இது நிச்சயம் குழப்பும்.

இனி 1950களில் எடுத்த அந்த முடிவுக்கு வருவோம். 1956இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவிடம் கல் இருந்தது, ஆள் இருந்தார்கள், பைக்காராவிலும் மேட்டூரிலும் கைபழகிய பொறியாளர்கள் இருந்தார்கள். டர்பைனும் ஜெனரேட்டரும் இல்லை. அவற்றை வெளிநாட்டுப் பணத்தில்தான் வாங்க வேண்டும். அந்தப் பணமோ அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரைந்துகொண்டிருந்தது. ஏழை நாடு எதை உள்ளூரில் செய்வது, எதை வெளியிலிருந்து கொண்டுவருவது என்பதுதான் நேரு காலத் திட்டமிடலின் முடிச்சு. குந்தாவில் அது இப்படி அவிழ்ந்தது: அணையும் சுரங்கமும் நம் உழைப்பு, இயந்திரங்கள் காமன்வெல்த் நாடுகளின் கொழும்பு உதவித் திட்டத்தின்கீழ் கனடா தந்த உதவி. உதவியைத் தின்று தீர்க்காமல், மேலும் மேலும் ஈட்டித்தரும் இரும்பாக மாற்றிக்கொண்டார்கள்.

சென்னையில் 1954 முதல் காமராஜர் முதலமைச்சர், 1957இல் ஆர். வெங்கட்ராமன் தொழில்துறையோடு மின்சாரத்தையும் கவனிக்க வந்தார். அதே ஆண்டு மின்வாரியம் பிறந்தது. எல்லாப் புகழையும் இவர்களுக்கே எழுதிவிட எனக்கு மனமில்லை. பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகியதை 1930களிலேயே ஊர் பார்த்துவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடிய சூதாட்டமல்ல இது. ஆனால் ஆலைக்கு மட்டுமல்லாமல் கிராமத்துக்கும் கம்பி இழுத்தது அவர்கள் காலத்து வேலைதான். கொங்கு நாட்டின் ஆழக்கிணறுகளில் மாடு கட்டிக் கவலையில் (தோல் சாலில்) தண்ணீர் இறைத்தவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். மோட்டாருக்கு வார்ப்படம் வேண்டும், வார்ப்படத்துக்குக் கோவையில் பட்டறை வேண்டும், பட்டறைக்கு மறுபடி மின்சாரம் வேண்டும். மலையில் ஐந்து முறை விழுந்த தண்ணீர் சமவெளியில் எத்தனை முறை விழுந்தது என்று யாராலும் எண்ண முடியாது.

அதே தலைமுறையின் நம்பிக்கையில் எழுந்ததுதான் ஊட்டி இந்துநகரின் ஃபிலிம் தொழிற்சாலையும். தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காக அங்கே அமைத்தார்கள். 1967இல் உற்பத்தி தொடங்கியது. டிஜிட்டல் கேமரா வந்தபின் ஃபிலிமுக்கு ஆளில்லை. தண்ணீருக்கு அந்தக் கதி வரவில்லை. சொல்லப்போனால் மதிப்பு கூடியிருக்கிறது. அனல் நிலையத்தைச் சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். நீர் மின்நிலையம் சில நிமிடங்களில் ஓடத் தொடங்கிவிடும். மாலையில் வெயில் தாழ்ந்து சூரிய மின்சாரம் அடங்கும் வேளையில்தானே வீடுகளில் விளக்கு எரிகிறது? பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் எமரால்டு நீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கும் 500 மெகாவாட் திட்டம் குந்தாவுக்கு வகுக்கப்பட்டதும் இதனால்தான்.

ஒரு கணக்கை மட்டும் அந்தத் தலைமுறை தப்பாகப் போட்டது. அணையைத்தான் நீர்த்தேக்கம் என்று நினைத்தார்கள். உண்மையில் முதல் தேக்கம் மலையுச்சிப் புல்வெளியும் சோலையும். மழையை உறிஞ்சி, கோடைவரை ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை அவை. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி, வெள்ளைக்காரர்கள் தொடங்கிய வழியிலேயே, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்டு நிரப்பினார்கள். கற்பூர மரம் வளர வளர ஓடைக்கு வரும் நீர் குறைவதைப் பைக்காராவுக்கு அருகே கிளன்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வு பின்னர் காட்டியது. மேல்பவானி ஏரிக்கரையில் இன்றும் சீகை மஞ்சளாகப் பூக்கிறது. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.