விட்டுவிட்டு வருவது எப்படி ‘இடைப்பட்ட’ ஆகும்?

“இடைப்பட்ட இயந்திர மின் இழப்பைச் சரிசெய்தல்.” மோட்டார் ஹோமுக்கான (படுக்கை, சமையலிடம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) பழுதுக் கையேடு ஒன்றின் தமிழ் வடிவத்தில் இருந்த தலைப்பு இது. விரதத்துக்கும் இணையத் துண்டிப்புக்கும் இதே ‘இடைப்பட்ட’வைப் போட்டபோதெல்லாம் பேசாமல் கடந்துவிட்டேன், இந்த வரியை அப்படி விட முடியவில்லை.

‘இடைப்பட்ட’வுக்கு ஆங்கில மூலச் சொல் இன்டர்மிட்டன்ட், அதாவது விட்டுவிட்டு வருவது. லத்தீனில் இன்டர் என்றால் இடையே, மிட்டெரே என்றால் விடு, அனுப்பு. நம் ‘விடு’வும் அதேபோலத்தான்: பிடியை விட்டாலும் விடு, தூது விட்டாலும் விடு. மழை விட்டது, காய்ச்சல் விட்டது என்று நின்றுபோவதற்கும் அதுவே. ஆக, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது என்று நாம் சொல்வதற்கும் லத்தீன்காரர் நினைத்ததற்கும் வேறுபாடு அதிகமில்லை.

‘இடைப்பட்ட’ அப்படியல்ல. இரண்டுக்கு நடுவில் இருப்பதுதான் இடைப்பட்டது. இடைப்பட்ட காலம், இடைப்பட்ட தூரம் என்கிறோம். ‘இடைப்பட்ட இழப்பு’ என்றால் பெரிதும் இல்லாத, சிறிதும் இல்லாத, நடுத்தர இழப்பு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், வந்து வந்து போகிற கோளாறு என்று அவருக்கு எப்படித் தோன்றும்? விட்டுவிட்டு என்பது பேச்சு வழக்கு, அதைக் கலைச்சொல்லாக வைக்க முடியாது, பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்காது என்பார்கள். சரி, அடைமொழிதான் வேண்டுமென்றால் ‘இடைவிட்ட’ இருக்கிறதே. இடைவிடாத மழை, இடைவிடாத முயற்சி என்று எல்லோரும் எழுதுகிறோம், அந்த எதிர்மறையை எடுத்துவிட்டால் கிடைப்பது இடைவிட்ட. ‘வேலையை விட்டுவிட்டு வந்தான்’ என்பதோடு குழம்பும் என்பது இன்னொரு வாதம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது என்பதை யாராவது அப்படிக் குழப்பிக்கொண்டதுண்டா?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம், இந்தக் கோளாற்றில் துப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் திணறி, சமதளத்தில் ஒழுங்காக ஓடினால் எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கலாம், பாரம் கூடும்போது தேவையான அளவு எரிபொருள் போய்ச்சேராது. டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் வண்டி நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் கிராங்க் சென்சார் (எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கருவி) மேல் சந்தேகம் வரும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் டேங்கில் தேங்கிய தண்ணீர், கசடு, கெட்டுப்போன எரிபொருள் என்று பார்க்க வேண்டியது கூடும். எப்போது விடுகிறது, எப்போது மறுபடி பிடிக்கிறது என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி. ‘இடைப்பட்ட’ அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

அடுத்து, ‘மின் இழப்பு’. பவர் என்று கண்டாலே மின்சாரம் என்று எழுதும் பழக்கம் மொழிபெயர்ப்பில் ஊறிவிட்டது, சொல்லைப் பார்க்கிறார்களே தவிர வண்டியைப் பார்ப்பதில்லை. மோட்டார் ஹோமில் இது ஆபத்தான பிழை. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, உள்ளே விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வேறு பேட்டரி என்று இரண்டு மின் அமைப்புகள் பொதுவாக அதில் இருக்கும். ‘மின் இழப்பு’ என்று படித்தவர் உள்ளே போய் ஃபியூஸைத் தேடுவார், அடைத்த வடிகட்டி அடைத்தபடியே கிடக்கும். குதிரைத்திறன் என்ற சொல்லை வைத்திருக்கிற நமக்கு எஞ்சினின் திறன் என்று எழுத என்ன தடை? பேச்சில் இழுவை குறைகிறது என்பார்கள், அதுவும் நல்ல சொல்.

‘சரிசெய்தல்’ கூட இங்கே அவசரப்பட்ட சொல்தான். அதன் ஆங்கில மூலமான டிரபிள்ஷூட்டிங் என்பதில் பெரும்பகுதி தேடல், காரணம் தெரிந்த பிறகுதான் சரிசெய்வது. அதனால் அந்தத் தலைப்பை நான் இப்படி எழுதுவேன்: எஞ்சின் இழுவை விட்டுவிட்டுக் குறைகிறதா? கோளாற்றைக் கண்டறியும் வழி.