ஐயாவுக்கு விசர் இல்லை, பிள்ளை

"மிஸ், ஐயாவுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

யாழ்ப்பாணத்தில் இருதய நோயாளரைப் பராமரிக்கும் தாதியாக இந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். வாட்டு வாசலில், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், பெரும்பாலும் மகளோ மருமகளோதான் கேட்பார்.

அப்படி ஒரு ஐயா, எழுபதைத் தாண்டியவர். பைபாஸ் நல்லபடி முடிந்து மூன்றாம் நாள் இரவு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மொனிட்டர் சத்தம் அவருக்கு எறிகணைச் செல் வருகிற சத்தம். "பாலம் மூட முதல் வெளிக்கிடு" என்று மகளை விரட்டினார். அவர் அப்போது நின்றது 1995 ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள். விடிந்ததும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டார். இரவானதும் மறுபடி பாலம்.

இதை டெலிரியம் என்பார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு, அதுவும் வயதானவர்களுக்கு, மூளை இப்படித் தடுமாறுவது அரிதல்ல. பகலில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறி மாறி வருவதுதான் இதன் அடையாளம். பலருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

அதற்காகத் தானாகச் சரிவரும் என்று பேசாமல் இருப்பதும் பிழை. நெஞ்சுச் சளி, காயத்தில் கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைவு, சலம் அடைபடுவது, நாலைந்து நாள் மலம் போகாதது, நோவுக்குக் கொடுத்த மருந்து, இதில் ஏதாவது பின்னால் இருக்கலாம். கண்டுபிடித்தால் வைத்தியம் செய்யலாம். எங்கள் சனம் வெட்கத்தில் மறைப்பதுதான் கஷ்டம். குடிப்பழக்கமும் அப்படித்தான். "ஐயா எடுக்கிறவரோ?" என்று சத்திரசிகிச்சைக்கு முன் கேட்டால் "சீச்சீ" என்பார்கள். தினமும் சாராயம் எடுத்தவருக்கு அது திடீரென நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும், வலிப்பும் வரலாம். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் ஊருக்குச் சொல்லப் போவதில்லை.

கண்ணாடியையும் கேட்கும் கருவியையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் புது இடத்தில் கிடந்தால் யாருக்கும் குழப்பம்தான். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று வாதாடவும் வேண்டாம். கையைப் பிடித்து, "ஐயா, ஆஸ்பத்திரியில இருக்கிறியள், நான் பக்கத்தில நிக்கிறன்" என்றால் போதும், எத்தனை தரம் என்றாலும். அப்புறம் அந்தக் கனடா வீடியோ கோல். அங்கே பகல் என்பதற்காக இங்கே நடுச்சாமத்தில் ஐயாவை எழுப்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு புதிதாகக் குழப்பம் தொடங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள். வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல் என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பைபாஸுக்குப் பின் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு நாடித்துடிப்பு ஒழுங்கு தப்புவதுண்டு, அது பக்கவாதத்துக்கும் வழி விடும். காய்ச்சல், காயத்தில் ஊனம் வடிவது, நெஞ்செலும்பு 'கடக்' என்று அசைவது, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறுவது எதையும் அடுத்த கிளினிக் வரை வைத்திருக்க வேண்டாம்.

இனி அந்த மகள். ஐந்து இரவு கதிரையில் இருந்தபடியே தூங்கியவள். தன் காப்பைக் களவெடுத்தவள் என்று அப்பாவே அவளைப் பேசியிருந்தார். அவருக்கு அது நோய், அவளுக்கு அது அப்பா சொன்ன சொல். அண்ணன்மார் முறை போட்டு நிற்க வேண்டும் என்று நான் ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அதன் பிறகுதான் அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

கிளினிக்குக்கு வந்தபோது ஐயா என்னைக் கேட்டார்: "நான் அண்டைக்கு என்னவெல்லாம் கதைச்சனான், பிள்ளை?" மகள் நிலத்தைப் பார்த்தாள். பாலத்தைப் பற்றிச் சொன்னேன். காப்பைப் பற்றிச் சொல்லவில்லை.