சொல்லத் தெரியாத வலி: மறதிநோயும் மூட்டுத் தேய்மானமும் ஒருவரிடமே இருந்தால்

குளிக்கக் கூப்பிட்டால் பாட்டி கத்துகிறார். எழுப்பி நிறுத்தக் கை கொடுத்தால் தட்டிவிடுகிறார், சில நாள் அடிக்கவும் செய்கிறார். மற்ற நேரமெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருப்பவர்தான். மறதிநோய் முற்றிவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டி, அமைதிப்படுத்த ஒரு மாத்திரை கேட்டு மருத்துவரிடம் போகிறார்கள். கத்தல் எந்த நேரத்தில் வருகிறது என்று நான்கு நாள் குறித்து வைத்துப் பாருங்கள். முழங்காலை மடக்கி நீட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் வருகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது மூளையை அல்ல, மூட்டை.

மேற்கு நார்வேயின் 18 முதியோர் இல்லங்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. டிமென்ஷியாவோடு (மறதிநோயோடு) கத்துவது, அடிப்பது போன்ற கொந்தளிப்பும் உள்ள 352 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு 8 வாரம் படிப்படியான வலிச் சிகிச்சை தரப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குப் போனது சாதாரண பாராசிட்டமால்தான். கொந்தளிப்பு சுமார் 17 சதவீதம் குறைந்தது. சிகிச்சையை நிறுத்தியதும் மறுபடி கூடியது. அமைதிப்படுத்தக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. வலி இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மருந்தைத் தொடங்குவது பெரிய தவறு.

மறதிநோயின் பரவலான வகையான அல்சைமர் வந்தவருக்கு வலி தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். தெரியும். தொடுதலையும் வலியையும் உணரும் மூளைப் பகுதிகள் நோயின் பிற்பகுதிவரை ஓரளவு தப்பிவிடுகின்றன. நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளே முன்னதாக அடிபடுகின்றன. அதனால் வலி உள்ளே வருகிறது. ‘இது என் முழங்கால் வலி, நேற்றும் இருந்தது, மாத்திரை போட்டால் அடங்கும்’ என்று கோத்துச் சொல்லும் திறன் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. மாத்திரை போட்டிருக்கிறோம், இனி சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பே நம் எல்லோருக்கும் வலியைக் கொஞ்சம் குறைக்கிறது. மூளையின் முன்பகுதித் தொடர்புகள் தளர்ந்த அல்சைமர் நோயாளிகளிடம் இந்தப் பலன் குறைந்துபோவதை இத்தாலியின் ஃபாப்ரிட்ஸியோ பெனடெட்டி குழு 2006-ல் காட்டியது. ஆக, மருந்து தன் வேதியியலால் மட்டுமே வேலை செய்தாக வேண்டியிருக்கிறது.

எப்படிக் கேட்பது? ஆரம்பநிலையிலும் நடுநிலையிலும் இருப்பவர்கள் பலர் பதில் சொல்வார்கள், கேள்வி அவர்கள் பேச்சில் இருந்தால். ‘வலிக்குதா’ என்றால் இல்லை என்பவர், ‘கால் கடுக்குதா, உளையுதா, குடையுதா, பிடிச்சிருக்கா’ என்றால் ஆமாம் என்பார். மூட்டின் மேல் கையை வைத்து ‘இங்கேயா’ என்று கேளுங்கள். ‘போன வாரம் எப்படி இருந்தது’ என்பது வீண் கேள்வி. ‘இப்போது’ என்பதற்குத்தான் விடை கிடைக்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்வதும் பெரும்பாலும் பலிக்காது.

பேச்சு நின்றுவிட்டவரிடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். இதற்கென 2003-ல் வெளியான ‘பெய்னாட்’ என்ற அளவுகோல் வீட்டிலும் பயன்படும். மூச்சு, குரல், முகம், உடல், ஆறுதல் என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 10. அவ்வப்போது முனகினால் 1. திரும்பத் திரும்பக் கத்தினாலோ அழுதாலோ 2. முகம் வாடியோ பயந்தோ சுருங்கியோ இருந்தால் 1, வேதனையில் கோணினால் 2. உடல் விறைத்து, முஷ்டி மடக்கி, முழங்காலை இழுத்துக்கொண்டால், அல்லது தள்ளிவிட்டால், அடித்தால் 2. பேச்சுக் கொடுத்தோ தொட்டோ கவனத்தைத் திருப்ப முடிந்தால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: ஆள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது மதிப்பெண் போடுகிறார்கள். தேய்ந்த மூட்டு ஓய்வில் பேசாது. கட்டிலிலிருந்து எழும்போதும் கழிப்பறையில் உட்காரும்போதும் பாருங்கள். ஓய்வில் 0 வாங்கியவர் அங்கே 6 வாங்கலாம். பசி, பயம், குளிர் தண்ணீர் எல்லாமும் இந்த எண்ணை ஏற்றும். ஆகையால் ஒருநாள் எண்ணுக்குப் பொருள் குறைவு. அதே செயலில், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடுவதில்தான் பயன்.

மறதியை அளக்கும் சோதனையையும் மூட்டு கெடுக்கும். கடிகாரம் வரையச் சொல்லும் சோதனையில் விரல் மூட்டு வீங்கியவர் கோணலாக வரைவார். இரவெல்லாம் கால் குடைந்து தூங்காதவர் மூன்று சொற்களைக்கூட நினைவில் வைக்கமாட்டார். பென்சிலே பிடித்திராத மூதாட்டிக்கு இந்தத் தாள் சோதனை எந்த நியாயத்தில் பொருந்தும்? எழுத்தறியாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் உருவான, மறதியை அளக்கும் சோதனையின் இந்தி வடிவம் 1995-ல் வந்தது. எந்தச் சோதனையானாலும், வீட்டாரிடம் ‘பத்து வருஷத்துக்கு முன் இருந்ததற்கு இப்போது எப்படி’ என்று கேட்பது பெரிய துணை. கடையில் சில்லறை சரியாக வாங்குகிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாரா? குழப்பம் ஓரிரு நாளில் திடீரென வந்திருந்தால் அதை மறதிநோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை ஆகியவற்றை உடனே தேட வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், ஜலதோஷ மாத்திரையில் உள்ள குளோர்ஃபெனிரமின் இரண்டுமே நினைவுக்குத் தேவையான மூளை ரசாயனமான அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. அந்த ரசாயனத்தைக் கூட்ட மறதிநோய்க்குத் தரும் டொனெபெசில் சாப்பிடுபவருக்கு இவற்றைக் கொடுத்தால் ஒரு மருந்து இன்னொன்றின் வேலையைக் கெடுக்கும்.

வலி என்று தோன்றினால், மருத்துவரின் ஒப்புதலோடு பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்துப் பார்ப்பது முதல் படி. ‘வலித்தால் கேட்கட்டும்’ என்று விட்டால் அவர் கேட்கவே மாட்டார். ஒரு வேளை அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 40 கிலோ உள்ளவருக்கு 600 மில்லிகிராம்தான் உச்சம், 650 மாத்திரையே அதிகம். நலிந்த முதியவருக்கு நாள் முழுக்க 2 கிராமுக்குள் நிறுத்துவது பாதுகாப்பு. குளிப்பாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன் ஒரு வேளை விழுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் ‘மூட்டுவலி மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் ஏசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்ததைத் தருவார்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டானும், கூடவே நீர் மாத்திரையும் எடுப்பவரின் சிறுநீரகத்தை அந்த ஏசிக்ளோஃபெனாக் சில நாளிலேயே சாய்க்கக்கூடும்.

டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலுக்கு நல்லது, ரத்தத்தில் கலப்பதும் குறைவு. ஆனால் 1 சதவீத ஜெல்லில் சோதித்த அளவு ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு தடவை. பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். சரியான அளவில் 30 கிராம் ட்யூப் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தடவிய கையைக் கழுவுங்கள், தடவிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம். வெந்நீர்ப் பையை உங்கள் முழங்கையில் ஒரு நிமிடம் வைத்துச் சோதித்த பிறகே வையுங்கள். சுடுகிறது என்று அவருக்குச் சொல்ல வராது.

தொடைத் தசைக்கான பயிற்சி எளிது: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும், பத்து தடவை. வாயால் விளக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள், சத்தமாக எண்ணுங்கள், தினமும் காபி குடித்த கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அவர் முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தேய்மானம் அல்லாமல் முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமடாய்டு நோய்) என்றால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து வந்திருக்கும். அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். போட்டதை மறந்து மறுபடி போடும் ஆளின் கைக்கு அந்த அட்டை எட்டக் கூடாது: தனி டப்பா, மூடியில் கிழமை, பூட்டிய அலமாரி. வாயில் புண், காய்ச்சல், தோலில் நீலத் திட்டு எது தெரிந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.